செவிக்கு இட்ட திரை

திரைப்படத்தைப் பற்றிப் பேச அமர்ந்தால் நம்மவர் முதலில் கதையைப் பேசுவர், அடுத்து நடிப்பை, அதற்கும் அடுத்துப் பாடல்களை. ஒளிப்பதிவின் அழகைப் பாராட்டுவோரும் உளர். ஆனால் ஒலியைத் தொகுத்தவர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று கேட்போர் அரியர். படம் 'பார்த்தோம்' என்கிறோமே அன்றிக் 'கேட்டோம்' என்று சொல்வதில்லை. கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் இது ஒரு குறைதான்.

இக்குறையை நமக்கு உணர்த்தியவை ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் மூன்று படங்கள். 1940-இல் தெஹ்ரானில் பிறந்து 2016-இல் பாரிஸில் மறைந்த அவரை, 1997-இல் கான் திரைவிழாவில் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்ட 'செர்ரியின் சுவை' வழியாகவே பலரும் அறிவர். நாம் எடுத்துக்கொள்பவை அதற்கு முந்தியவை. மூன்றிலும் அவர் ஒரே செயலைச் செய்கிறார்: ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் ஒலியை அணைத்துவிடுகிறார். ஒரே செயல் மூன்று இடங்களில் மூன்று பொருள் தருவது எவ்வாறு? அவ்வாறு அணைக்க அவருக்கு உரிமை உண்டா? இவ்விரண்டு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தொழில்முறையைச் சற்று அறிந்துகொள்வது நலம். திரைப்படத்தில் படமும் ஒலியும் கூடப் பிறந்தவை அல்ல. கேமராவில் படம் பதிகிறது. தனியே வேறொரு கருவியில் ஒலி பதிகிறது. தொகுப்பு மேசையில்தான் இரண்டையும் இணைக்கிறார்கள். காட்சியின் தொடக்கத்தில் பலகையைத் தட்டுவது இதற்காகவே. பலகை மூடும் படச்சட்டமும் அதன் ஓசையும் ஒன்றாக நின்றால் வாயசைவும் சொல்லும் பொருந்தும். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் மூன்று நான்கு சட்டங்கள் பிசகினாலும் கண் அதைக் கண்டுகொள்ளும். அதன்பின் உரையாடல் ஒரு தடத்திலும், காலடி, கதவு, காற்று முதலிய ஓசைகள் வேறு தடங்களிலும், இசை மற்றொரு தடத்திலுமாக நிற்கும். ஒலிக்கலவை செய்பவர் ஒவ்வொன்றையும் ஏற்றியும் இறக்கியும் ஒன்றாக்குவார். அன்று காந்த நாடாவில் நடந்த இவ்வேலை இன்று கணினியில் நடக்கிறது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அமைதியையும் பதிவு செய்தாக வேண்டும்! ஆளில்லாத அறைக்கும் மெல்லிய இரைச்சல் ஒன்று உண்டு. படப்பிடிப்பின் இடையே அனைவரையும் அசையாது நிற்கச் செய்து, அந்த அறையின் அமைதியைச் சிறிது நேரம் பதிந்துகொள்வர். உரையாடலை வெட்டிய இடங்களை அதனால் நிரப்பாவிட்டால், கேட்பவர் காதில் பள்ளம் விழுந்ததுபோல் தோன்றும். ஆதலால் முழு நிசப்தம் என்பது திரையில் தானாக நேர்வதன்று. ஒருவர் முடிவெடுத்துச் செய்வது. முடிவு என்று வந்துவிட்டால் பொறுப்பும் உடன் வருகிறது.

முதற்படம் 1982-இல் எடுக்கப்பட்ட 'ஹம்ஸராயான்'. சேர்ந்திசைப்போர் என்று பொருள். 17 நிமிடமே ஓடும் சிறு படம். காது மந்தமான முதியவர் ஒருவர், தெரு இரைச்சல் பொறுக்காமல் தம் செவிக்கருவியைக் கழற்றுகிறார். அக்கணமே அரங்கத்திலும் ஒலி அற்றுப்போகிறது. அவருடைய செவி நம் செவியாகிவிடுகிறது. பள்ளி விட்டு வந்த பேத்தி வாசலில் நின்று மணியடிக்கிறாள், அவருக்குக் கேட்கவில்லை. தோழியர் ஒவ்வொருவராகக் கூடி ஒரே குரலில் அழைக்கிறார்கள். வாசலில் கூச்சல், வீட்டினுள் நிசப்தம் என்று படம் மாறி மாறிச் செல்கிறது. இரைச்சலை விலக்கும் உரிமை முதியவருக்கு இல்லையா என்றால், உண்டு. ஆனால் இரைச்சலோடு பேத்தியின் குரலும் சேர்ந்தே வெளியில் நின்றுவிடுகிறது. ஒரு சொல் உரையும் இன்றி ஒலியின் வெட்டு ஒன்றாலேயே இதைச் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

இரண்டாவது, 1989-இல் வந்த 'மஷ்க்-எ-ஷப்', அதாவது வீட்டுப்பாடம். தெஹ்ரான் பள்ளியொன்றின் சிறுவர்களைக் கேமராவின் முன் அமர்த்தி, வீட்டுப்பாடத்தைப் பற்றி வினவும் ஆவணப்படம். தண்டனை என்றால் என்னவென்று கேட்டால் சிறுவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். பாராட்டு என்றால் என்னவென்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். இப்படத்தில் பள்ளி முற்றத்தில் நடைபெறும் சமயச் சடங்கு ஒன்று வருகிறது. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள், சிரிக்கிறார்கள். சடங்கு முறையாக நிறைவேறாமையால், அதன்பால் கொண்ட மரியாதையை முன்னிட்டு ஒலியை நீக்குகிறோம் என்று இயக்குநரின் குரல் அறிவிக்கிறது. உடனே நிசப்தம்.

மரியாதை என்னும் அச்சொல்லை நேராகக் கொள்வதா, குறும்பாகக் கொள்வதா என்று திறனாய்வாளர் வாதிடுவர். நமக்கு அந்த வழக்கைவிட அதன் விளைவு முக்கியம். ஒலி போனதும் கண் கூர்மையடைகிறது. பொருள் விளங்குமுன் வாயில் ஏற்றப்பட்ட சொற்களுக்கும், ஓடி விளையாடத் துடிக்கும் உடல்களுக்கும் இடையிலுள்ள தொலைவு அப்போதுதான் புலனாகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லும் காட்சி அன்று இது. பெரியவர்களை வினவும் காட்சி. படத்தின் முடிவில் மஜீத் என்னும் சிறுவன் வருகிறான். அச்சத்தால் அழுது, தோழன் அருகில் நின்றாலன்றிப் பேசமாட்டேன் என்பவன். அவன் இறைவனைப் போற்றும் பாடல் ஒன்றைச் சொல்கிறான். அங்கே இயக்குநர் ஓர் எழுத்தையும் வெட்டவில்லை. கூட்டத்தின் முழக்கத்தை அணைத்தவர், ஒரு குழந்தையின் நடுங்கும் குரலை முழுமையாகக் கேட்க வைக்கிறார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி முதல் நிசப்தத்தின் பொருள் விளங்காது.

மூன்றாவதுதான் நம்மைச் சங்கடத்தில் ஆழ்த்துவது. 1990-இல் வந்த 'குளோஸ்-அப்'. ஹுசைன் சப்ஸியான் என்னும் ஏழை, தம்மைப் புகழ்பெற்ற இயக்குநர் முஹ்ஸின் மக்மல்பாஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்தாரை நம்ப வைத்தார், பிடிபட்டார், வழக்கு நடந்தது. குடும்பத்தார் மன்னித்தனர். உண்மையில் நடந்த இதனை அம்மனிதர்களையே நடிக்க வைத்து எடுத்த படம் இது. இறுதியில் உண்மையான மக்மல்பாஃப் சப்ஸியானைச் சந்திக்கிறார், அவர் அழுகிறார். இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறி, வழியில் மலர் வாங்கிக்கொண்டு, அக்குடும்பத்தின் வீட்டுக்குச் செல்கிறார்கள். படக்குழு தொலைவில் ஒரு வண்டியில் பின்தொடர்கிறது. உரையாடல் சிறிது கேட்கிறது, அறுகிறது, மீண்டும் கேட்கிறது. ஒலிவாங்கி பழுது என்று குழுவினர் அலுத்துக்கொள்வதும் நம் காதில் விழுகிறது.

அப்பழுது பொய். ஒலியைத் தொகுப்பில் வெட்டியவர் தாமே என்று கியாரோஸ்தமி பின்னாளில் தெரிவித்தார். படம் எடுக்கப்படுவதை மக்மல்பாஃப் அறிவார், சப்ஸியான் அறியார். ஆகவே ஒருவர் பேச்சு நடிப்பாகவும் மற்றவர் பேச்சு உள்ளமாகவும் நின்றது என்பது அவர் தந்த விளக்கம். நீதிமன்றக் காட்சியிலும் இத்தகைய கைவேலை உண்டு. நீதிபதி எழுந்து சென்ற பின்னரும் சப்ஸியானிடம் கேள்வி கேட்டுப் பதிந்து, இடையிடையே நீதிபதியின் முகத்தை ஒட்டி, அவர் அங்கேயே இருந்ததுபோல் காட்டியதை அவர் மறைக்கவில்லை.

பொய்யுரைத்த ஒருவரின் வழக்கைப் படமாக்க வந்தவர், தாமும் பொய்யுரைக்கலாமா? கலையில் எல்லாம் செல்லும் என்று நாம் எளிதில் விட்டுவிட மாட்டோம். நீதிபதியின் முகத்தை ஒட்டியதை நம்மால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. தீர்ப்பளிப்பவர் கேட்காத சொல்லைக் கேட்டதாகக் காட்டுவது சிறு செயல் அன்று. ஆயின் இறுதிக்காட்சியின் நிசப்தத்தை வேறு தராசில் நிறுக்க வேண்டும். அறியாத மனிதரின் கண்ணீரையும் பேச்சையும் பதிவு செய்தது முதல் தவறு. பதிந்ததை முழுவதும் நமக்குத் தராமல் வெட்டியது அத்தவற்றுக்கான பரிகாரம். தனிமையில் சொன்ன சொல் அமானிதம். அதனை விற்றால் கூட்டம் கூடும் என்று தெரிந்தும் இயக்குநர் விற்கவில்லை. பழுது என்று சொன்னதற்குப் பதிலாக, 'வீட்டுப்பாட'த்தில் செய்ததுபோல், நாமே நீக்குகிறோம் என்று அறிவித்திருந்தால் நம் மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. தொலைபேசியில் ஒருவர் நம்பிச் சொன்னதைப் பதிந்து, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி, ஊரெல்லாம் அனுப்புவது நம் குடும்பங்களிலும் நிகழ்கிறது. சொன்னவர் தலைகுனிகிறார்; அனுப்பியவர் அதை விளையாட்டு என்கிறார். எதைக் கேட்பிக்க வேண்டும், எங்கே அணைக்க வேண்டும் என்பது இனித் திரைத்தொழிலாளர் மட்டும் அறியவேண்டிய நுட்பம் அன்று. இம்மூன்று படங்களையும் பிள்ளைகளோடு அமர்ந்து காணுங்கள். ஒலி நின்றவுடன் கருவி கெட்டுவிட்டது என்று எழுந்துவிடாமல், நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்று அவர்களைக் கேளுங்கள்.