ஆம்பூர்த் தகரக்கூரைகளும் செயற்கைக்கோள் வெப்பநிலையும்

நிலமேற்பரப்பு வெப்பநிலை ஆய்வுகளில் பெருவழக்காக உள்ள முறை, தாவரக் குறியீட்டிலிருந்து உமிழ்திறனைக் கணிப்பதாகும். தாவரமற்ற பரப்பை அது பெரும்பாலும் மண்ணாகவே கொண்டு, 0.97 அளவில் மதிப்பிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்களின் தகரக்கூரைகளுக்கு இது பொருந்தாது. துருவும் பூச்சும் இல்லாத உலோகத் தகட்டின் உமிழ்திறன் மிகக் குறைவு. ஆகவே கொதிக்கும் கூரையும் வரைபடத்தில் குளிர்ந்ததாகத் தோன்றும். அருகிலுள்ள வறண்ட பாலாற்று மணலே மிகுவெப்பப் பகுதியாகத் தெரியவும் இடமுண்டு. மேலும், லேண்ட்சாட் 8இன் வெப்பப் பட்டை 100 மீட்டர் பிரிதிறனுடையது. செயற்கைக்கோள் கடப்பதோ முற்பகலில். பிற்பகல் உச்சத்தையும், கூரையின்கீழ்ப் பணிபுரிவோர் உணரும் காற்றின் வெப்பத்தையும் அது அளப்பதில்லை. கூரைவகைக்கேற்ப உமிழ்திறனைத் திருத்தாமலும், கள அளவீட்டோடு ஒப்பிடாமலும் தொழிற்பகுதி குளிர்ந்தது என முடிவுசெய்தல் ஏற்புடையதன்று.