சீ பைன்ஸ்: பத்திரத்தில் எழுதிய தீவு

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஹில்டன் ஹெட் தீவைப் பற்றிப் பேசும் திட்ட வல்லுநர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: மரத்தை வெட்டாமல் ஊர் எழுப்பினார்கள். பாராட்டில் பொய்யில்லை. ஆனால் அத்தீவின் சீ பைன்ஸ் என்ற, ஏறத்தாழ எழுபது ஆண்டான ரிசார்ட் குடியிருப்பிடம் மரம் நிற்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. தலைமுறைகள் தாண்டி நிற்கும் திட்டம் என்று சொல்லித்தான் அதை உலகுக்குக் காட்டினார்கள். அந்த அளவுகோலாலேயே அளக்க வேண்டும்.

1950ஐ ஒட்டி ஜார்ஜியாவைச் சேர்ந்த மர வியாபாரிகள் சிலர் பைன் மரத்துக்காகத் தீவின் பெரும்பகுதியை வாங்கினார்கள். அவர்களில் ஒருவருடைய மகன் சார்லஸ் ஃப்ரேசர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 1956இல் தீவுக்குப் பாலம் வந்தது. அந்த ஆண்டை ஒட்டியே, முப்பது வயது நிரம்பாத ஃப்ரேசர் தெற்கு முனையில் ஏறத்தாழ 5,000 ஏக்கரைத் தன் பொறுப்பில் எடுத்து சீ பைன்ஸைத் தொடங்கினார்.

மனைப்படத்துக்கு அவர் நாடியது நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஹிடியோ சசாகியை. அக்காலத்துக் கடற்கரை ஊர்களில் கரையை ஒட்டி ஒரு சாலை நீளமாக ஓடும். கடலைப் பார்த்து ஒரு வரிசை வீடு எழும்பும். பின்னால் இருப்பவர்களுக்குக் கடல் மறைந்துவிடும். சீ பைன்ஸில் சாலைகளைக் கடலை நோக்கித் திருப்பி, கரைக்கு முன்பே முட்டுச் சந்துகளாக முடித்தார்கள். இடையிடையே நடைபாதைகள் விட்டதால், நாலாவது வரிசையில் வீடு வாங்கியவரும் கடலுக்கு நடந்து போகலாம். வீடுகள் மணல்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கின. இதில் வியாபாரக் கணக்கும் இருந்தது: உள்மனைகளின் விலை ஏறியது. நல்ல வடிவமைப்பும் நல்ல லாபமும் ஒரே கோட்டில் சேர்ந்த இடம் என்பதால் இதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆயினும் ஃப்ரேசரின் உண்மையான கண்டுபிடிப்பு மனைப்படத்தில் இல்லை, கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. அப்போது அங்கே எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் அரசு விதி கிடையாது. வக்கீலான ஃப்ரேசர் அந்த விதியைத் தானே எழுதி, விற்ற ஒவ்வொரு மனையின் பத்திரத்தோடும் கட்டிவிட்டார். வீட்டின் வரைபடத்துக்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சுவரின் வண்ணம் மரநிழலோடு ஒத்துப்போக வேண்டும். மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். மனை எத்தனை கை மாறினாலும் நிபந்தனை கூடவே போகும்.

இந்த ஏற்பாட்டுக்குக் கடுமையான சோதனையும் வந்தது. 1970களின் பொருளாதார மந்தத்தில் நிறுவனம் தள்ளாடியது. 1983இல் ஃப்ரேசர் அதை விற்றார். அடுத்து வந்தவர்களின் காலத்தில், 1986இல், அது திவாலானது. முதலாளி போனதும் பூங்கா மனையாகிவிடும் கதை உலகெங்கும் உண்டு. இங்கே அப்படி நடக்கவில்லை. ஊருக்கு நடுவே ஒதுக்கிய 600 ஏக்கர் காடு இன்றும் காடாகவே இருக்கிறது. எழுதியவரைவிட எழுத்து நீண்ட நாள் வாழ்ந்தது. நெடுங்காலத் திட்டம் என்ற பெயருக்கு இதைவிட நல்ல சான்று கேட்க முடியாது.

பத்திர ஒப்பந்தத்தின் பலம் இது. பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் அதில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் பார்க்கும்.

பாலம் வருவதற்கு முன் தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லா கீச்சி மக்கள். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1862இல், விடுதலை பெற்றவர்கள் தங்களுக்கென மிட்செல்வில் என்ற ஊரையே இத்தீவில் அமைத்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் வாங்கிய நிலம் பெரும்பாலும் உயில் இல்லாமல், பாகம் பிரிக்காத பூர்விகச் சொத்தாகவே கைமாறியது. பாகப்பிரிவினை வழக்கின் வலி தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கோ இருக்கும் ஒரு பங்காளி தன் பங்கை விற்றால் போதும். வாங்கியவர் நீதிமன்றத்துக்குப் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் தென் கரோலினாவில் 2016இல்தான் நிறைவேறியது. ரிசார்ட்டின் புகழ் நில மதிப்பை ஏற்ற, வரியும் ஏறியது. பல குடும்பங்களின் முன்னோரைப் புதைத்த கல்லறைகள் ரிசார்ட் குடியிருப்புகளின் காவலுள்ள வாயிற்கதவுகளுக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டன. சொந்தப் பாட்டனின் கல்லறைக்குப் போகக் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிலை. ஒரு ஓக் மரத்தைக் காப்பாற்றப் படகுத்துறைச் சுவரை வளைத்துக் கட்டிய ஊர் இது என்பதையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஃப்ரேசர் தனியார் நில உரிமையாளர், அரசாங்கம் அல்ல. கதவுக்கு வெளியே நடப்பதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1970ஐ ஒட்டி நடந்த ஒன்று அந்த வாதத்தைத் தளர்த்துகிறது. தீவுக்கு எதிர்க்கரையில் பிஏஎஸ்எஃப் (BASF) என்ற ஜெர்மானிய நிறுவனம் பெட்ரோ ரசாயன ஆலை கட்ட வந்தபோது, ரிசார்ட் முதலாளிகளும் கறுப்பின மீனவர் கூட்டுறவுச் சங்கமும் ஒரே பக்கம் நின்றார்கள். மீனவர்கள் தங்கள் இறால் படகிலேயே வாஷிங்டனுக்கு மனு கொண்டுபோனார்கள். ஆலை வரவில்லை. தண்ணீருக்கு ஆபத்து என்றதும் கதவைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, நிலமும் வீடும் என்றபோது மட்டும் பார்வை கதவோடு நின்றுபோனதைத் திறமைக் குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

விளைவு கதவின் இருபுறத்தாருக்கும் வந்தது. பத்திரம் எட்டாத நிலத்தில் அடுக்கு வீடுகள் நெருக்கமாக எழும்ப, அதைத் தடுக்க வழியின்றி 1983இல் தீவுவாசிகள் நகராட்சி அமைத்துக்கொண்டார்கள். பூர்விகக் கறுப்பின மக்களில் பலர் அதை எதிர்த்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அறை துடைப்பவர்களும் சமையல்காரர்களும் அங்கே மனை வாங்க முடியாததால், பலர் வெகுதூரத்திலிருந்து பஸ் ஏறி வந்து திரும்புகிறார்கள். ஒரே நெடுஞ்சாலை வழியாகத்தான் எல்லோரும் வர வேண்டும். கதவுக்குள் சாலை எவ்வளவு அழகாக வளைந்தாலும் வெளியே நெரிசலில் நிற்பதில் வேறுபாடு இல்லை.

கடலும் கையெழுத்துப் போடவில்லை. கரை அரித்து அரித்துப் போக, பொதுப்பணத்தில் மணல் இறைத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. 2016 அக்டோபரில் மேத்யூ புயல் வந்தபோது, காத்து வளர்த்த மரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. இதற்காக ஃப்ரேசரைக் குறைசொல்லமாட்டேன். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கச் சொன்னதே அந்நாளில் பெரிய முன்யோசனை.

குவைத் முதலீட்டாளர்கள் 1974இல் கியாவா தீவை வாங்கியபோது சீ பைன்ஸ் நிறுவனத்திடமே திட்டத்தை ஒப்படைத்தார்கள். மரநிழல், கோல்ஃப் மைதானம், காவலுள்ள வாயில் என்ற அச்சு அப்படியே பரவியது. ஆகவே இது ஒரு தீவின் பிரச்சினை மட்டுமல்ல.

நிலத்தைக் காக்கும் கருவியாக சீ பைன்ஸுக்கு முதல் மதிப்பெண் கொடுப்பேன். அதைக் குடியிருப்புத் திட்டத்தின் முன்மாதிரி என்று பாடம் சொல்பவர்களை மறுப்பேன். குடியிருப்பவரில் ஒரு பகுதியினரை மட்டும் எண்ணிய திட்டம் அது. ஹில்டன் ஹெட்டில் என் மதிப்பில் உயர்ந்த திட்டம் வேறொன்று, யாரும் புகைப்படம் எடுக்காதது: 1991 முதல் தீவில் நடக்கும் ஒவ்வொரு நில விற்பனைக்கும் நகராட்சி விலையில் 0.25 சதவீதக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் மனைகளை வாங்கிப் பொதுநிலமாக்குகிறது. கதவுக்கு உள்ளே விற்றாலும் வெளியே விற்றாலும் கட்டணம் ஒன்றுதான். பாலம் திறந்து 35 ஆண்டுகள் கழித்து வந்தது அது; அதற்குள் பல கல்லா கீச்சிக் குடும்பங்களின் நிலம் கைமாறியிருந்தது.