மனுவை யார் கொண்டுசெல்வது?

மலையக இலக்கியத்தைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் அதன் கண்ணீரைப் பற்றியே எழுதி அமைகின்றனர். அட்டைக்கடியும், அரைவயிற்றுக் கஞ்சியும், ஒழுகும் லயமும், கங்காணியின் பிரம்பும் அவ்விலக்கியத்தின் பொருளாயின என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், துன்பத்தைக் காட்டுவதோடு ஓர் இலக்கியத்தின் கடமை தீர்ந்துவிடுமா? துன்புற்ற மக்கள் எவ்வாறு ஒன்றுகூடினர், தம்முள் யாரை முன்னிறுத்தினர், சட்டசபைக்கு அனுப்பியவரோடு எத்தகைய உறவு பூண்டிருந்தனர் என்னும் வினாக்களை நம் விமர்சகர்கள் போதிய அளவு எழுப்பவில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. பத்தாம் தரத்தில் மனு எழுதும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. லயத்துக்குப் பின்னாலுள்ள கான் உடைந்து, மழைநீர் சுவரோடு மோதுகிறது; இது குறித்துப் பிரதேச சபைக்கு ஒரு மனு வரைக என்று கூறியிருந்தேன். ஏறத்தாழ எல்லாரும் "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்று தொடங்கி முறைப்படி எழுதிவிட்டனர். ஒரு பெண் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சேர், இதை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறாண்டு மலையக அரசியலின் சாரம் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது.

நான் இருக்கும் பகுதி கொஸ்லந்தை. மீரியபெத்தை இங்கிருந்து பார்க்கும் தூரம். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை, அத்தோட்டத்து லயங்களின் மீது மலை சரிந்தது. இயற்கையின் சீற்றம் என்று அன்று பலர் எழுதினர். ஆனால், அந்நிலம் குடியிருப்புக்குத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, வேறிடத்தில் நிலம் இல்லை. இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். மலை சரிவதற்கு 39 நாட்களுக்கு முன்னர், செப்டெம்பர் 20ஆம் திகதி, ஊவா மாகாணசபைத் தேர்தல் நடந்தது. நாட்டின் பெருந்தலைவர்கள் யாவரும் பதுளைக்கு வந்தனர். மேடைகள் எழுந்தன, கொடிகள் பறந்தன, வாக்குகள் எண்ணப்பட்டன. எச்சரிக்கைக் கடிதமோ கோப்பிலேயே கிடந்தது. கடிதத்துக்கும் மேடைக்கும் இடையில் நடந்துசென்று, "முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று கேட்கத்தக்க ஸ்தாபனம் லயத்திலே இருக்கவில்லை. உயிர்கள் போனமைக்கு மழை மட்டும் காரணமன்று என்பது இதனாலேயே பெறப்படும்.

இந்த இடைவெளி எப்பொழுதும் இருந்ததா? இல்லை. நம் இலக்கிய வரலாற்றின் முதல் ஏடுகளே அதற்குச் சான்று.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகாசிரியர், தொழிற்சங்கவாதி, சட்டசபை உறுப்பினர். 1925இல் சட்ட நிரூபண சபைக்குள் நுழைந்த அவர், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாய் விளங்கினார். அவரைப் பற்றிப் பேசுவோர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரை ஓர் அடைமொழியோடு கடந்துவிடுகின்றனர். இது பெரும் பிழை. இந்தியத் தொழிலாளரின் இலங்கை வாழ்க்கை குறித்து அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் நூலாக வந்தன. மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுக்களில் அமைந்து, கூட்டங்களிலே பாடப்பட்ட பாடல்கள் அவை. எழுத்தறியாத தொழிலாளியிடம் சட்டத்தின் பொருளை இசைவழியே கொண்டுசேர்த்தவர் அம்மையார். தொழிலாளியின் முறையீட்டைச் சபையின் மொழியில் எடுத்துரைத்தவர் ஐயர். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செய்தி நடந்த பாதை ஒரே இல்லத்தினுள் அமைந்திருந்தது. கவித்துவ நயம் தேடி அப்பாடல்களை எடைபோடுவோர் ஏமாறலாம். அவற்றின் அழகு அவை செய்த வேலையிலே உள்ளது.

அடுத்து வருபவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலையில் வென்றவர் சி. வி.; நமது பதுளையில் எஸ். எம். சுப்பையா. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையக மக்களின் வாக்கைப் பறித்தன. 1952இல் அவ்வேழு ஆசனங்களில் ஒன்றேனும் மிஞ்சவில்லை. சபைக் கதவு சாத்தப்பட்ட பின்னரும் சி. வி. தொழிற்சங்கப் பணியையும் எழுத்தையும் விட்டாரல்லர்.

அவருடைய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் ஆங்கில நெடுங்கவிதை 1954இல் வெளிவந்தது. அதனைப் போற்றுவதில் எனக்கும் உடன்பாடே. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: அக்கவிதை யாரை நோக்கிப் பேசுகிறது? தொழிலாளியின் துயரை, தொழிலாளி அறியாத மொழியில், ஆள்வோரின் செவிக்கு எட்டும்படி எடுத்துரைக்கும் கவிதை அது. அதாவது, ஒரு பிரதிநிதியின் கவிதை. மக்களுக்காகப் பேசுகிறது, மக்களோடு பேசவில்லை. சக்தி அ. பால ஐயாவின் தமிழாக்கமாகிய 'தேயிலைத் தோட்டத்திலே' 1969இல் வந்த பின்னரே அது தனக்கு உரியவரிடம் திரும்பிற்று. இக்குறையைச் சி. வி. தாமே உணர்ந்தார் போலும். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது அவர் பேசுபவராக இல்லை, கேட்பவராக இருந்தார். பிரதிநிதி எனப்படுபவர் முதலிற் கற்கவேண்டிய பாடம் அதுவன்றோ?

1981இல் நூலுருப் பெற்ற அவருடைய 'வீடற்றவன்' நாவலை இப்பொழுது மீண்டும் படிக்க வேண்டும். சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி வேலையை இழக்கிறான். வேலையோடு லயத்து அறையையும் இழக்கிறான். கலைநுட்பத்தில் குறைகள் உள்ள நாவல்தான். பாத்திரங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சாளராகிவிடுகின்றனர். ஆனால், வேலை, வீடு, உரிமை ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை அவர் கண்டுகொண்டார். நிலம் அரசினுடையது; நிர்வாகம் 1992 முதல் தனியார் கம்பனிகளினது; குடியிருப்பவருக்கோ உறுதிப்பத்திரம் இல்லை. அத்தகையவரிடம் "இவ்விடத்தை விட்டு நீங்குக" என்று எச்சரித்தால் அவர் எங்கே நீங்குவார்? மீரியபெத்தைக்கு வந்த எச்சரிக்கை ஏன் பயனற்றுப் போயிற்று என்பதற்கான விடை அந்நாவலின் தலைப்பிலேயே இருந்தது. அதனை நாம் உருவகமாகப் படித்தோம், முன்னறிவிப்பாகப் படிக்கவில்லை.

தோட்டத்து மக்களும் சபையில் அமர்ந்தோரும் கைகோத்தபோது நிகழ்ந்தவை வேறு. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானபின் வேலைநிறுத்த அலை ஊவாவிற் பரவியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அதனோடு கலந்தாலோசிக்கத் தோட்டத்துரை இணங்க வேண்டியதாயிற்று. அவ்வியக்கத்துக்குத் துணைநின்ற சமசமாஜக் கட்சிக்கு அரசாங்க சபையில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன என்னும் இரு உறுப்பினர் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இருவரும் சிறைப்பட்டனர். ஆட்சியாளர் எதற்கு அஞ்சினர்? லயத்துக் குழுவுக்கு மட்டும் அன்று, சபைப் பேச்சுக்கு மட்டும் அன்று. இரண்டும் ஒன்று சேர்வதற்கே அஞ்சினர்.

1986 ஜனவரியில் நடந்த பிரார்த்தனை இயக்கமும் அத்தகையதே. செள. தொண்டமான் அப்பொழுது அமைச்சர். அவர் மந்திரிசபைக்குள் பேசியது மட்டும் போதவில்லை. இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலைக்குச் செல்லாது பிரார்த்தனையில் அமர்ந்தபோதுதான் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் விரைந்து வந்தது. அமைச்சரின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. ஆயினும் மலைமேல் அமர்ந்தோர் கீழே மேசைமுன் அமர்ந்தவரின் சொல்லுக்குப் பலம் ஊட்டினர் என்னும் உண்மையை மறைப்பது நேர்மையாகாது.

இனி, நம் எழுத்தாளரிடம் கேட்கவேண்டிய கேள்விக்கு வருவோம். மலையகச் சிறுகதைகளிலும் நாவல்களிலும் தொழிலாளி வருகிறான், துரை வருகிறார், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வருகின்றனர். தேர்தற் காலத்தில் ஜீப்பில் வரும் தலைவரும் ஏளனச் சித்திரமாய் வருகிறார். இவர்களுக்கு இடையில் நிற்கும் தோட்டக் கமிட்டித் தலைவர் எங்கே? பகலெல்லாம் கொழுந்தெடுத்து, இரவில் சந்தாக் கணக்கு எழுதி, விடிந்ததும் பஸ் ஏறி ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மனுவோடு அலையும் அந்த மனிதரை எவ்வளவு பேர் எழுதியிருக்கின்றனர்? வந்தாலும் அவர் துரைக்கு விலைபோனவராகவோ தியாகியாகவோ வருகிறார். அலைச்சலில் ஒரு நாட் சம்பளத்தை இழந்து, வீட்டில் மனைவியிடமும் சங்கத்தில் மேலவரிடமும் ஏச்சு வாங்கி, மறுநாளும் புறப்படும் சாதாரண மனிதராக வருவது அரிது. மாதர் சங்கத் தலைவியோ அதனினும் அரிது. தேயிலைக் கூடையின் பெரும்பாரம் பெண்கள் முதுகிலேயே இருக்க, கமிட்டி நாற்காலியில் அவர்களைக் காணோம், கதையிலும் காணோம்.

இலக்கியம் சங்கத்தின் அறிக்கையன்று என்று சில நண்பர்கள் கூறுவர். உண்மையே. மனுவை எழுதுவது இலக்கியத்தின் வேலையன்று. ஆனால், மனுவைச் சுமந்து செல்பவனின் மனத்தை எழுதுவது இலக்கியத்தின் வேலையாகும். வேறு சிலர், சங்கங்கள் பிளவுண்டு, கட்சிகள் அரசோடு பேரம் பேசி, கூரைத் தகடுகளுக்காக வாக்கு விற்கப்படும் காலத்தில் இத்தகைய பாத்திரம் பொய்யாகாதா என்பர். அப்பேரத்தையும் எழுதுக என்பதே என் விடை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துள் சபை நிதி செலவழிக்கத் தடையாய் நின்றது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினரையும் அனுப்பினர், அவ்வுறுப்பினரால் தம் தோட்டப் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்டுவிக்க இயலவில்லை. 2018இல் அப்பிரிவு திருத்தப்படும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. வென்றும் கையற்று நிற்கும் உறுப்பினன், வாக்களித்தும் வெறுங்கையோடு திரும்பும் அயலான், இருவர் மீதும் சினங்கொள்ளும் இளைஞன்: ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? யாரும் வில்லன் இல்லாத முரண்பாடு இது. யதார்த்தவாதி விரும்பித் தேடவேண்டிய களமும் இதுவே.

2016இல் மீரியபெத்தையில் எஞ்சியோருக்கு மாக்கல்தெனியாவில் 75 வீடுகள் வழங்கப்பட்டன. அதற்கு முன்னர் இரண்டாண்டு அவர்கள் தற்காலிக முகாமில் வாழ்ந்தனர். 2024 நவம்பரில் பதுளை மாவட்டம் அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய இரு மலையகத் தமிழரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. வரவேற்கத்தக்கதே. ஆயின், சபையில் நம்மவர் அமர்ந்ததும் வேலை முடிந்துவிடுவதாக எண்ணிய பழைய பிழையை நாம் மீண்டும் செய்யலாகாது. நடேசய்யருக்கு ஒரு மீனாட்சியம்மையார் வேண்டியிருந்தது. இன்றைய உறுப்பினருக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் கேள்வி கேட்கும் ஒரு கமிட்டி வேண்டும். அது புகழும் கமிட்டியாக இருந்தாற் பயனில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. மனு எழுதக் கற்பிக்கிறோம். முகவரி எழுதவும் கற்பிக்கிறோம். தாழ்மையுடன் வேண்டிக்கொள்ளப் பழக்கிவிட்டு, பதில் வராவிடின் என்ன செய்வது என்பதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகிறோம். அன்று அந்த மாணவிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன்: இதே குறை உள்ள மற்ற லயங்கள் எவை? மனுவில் யார் யார் கையொப்பமிடுவர்? கொண்டுசென்றவர் திரும்பிவந்து யாரிடம் கணக்குச் சொல்வார்? அவள் மூன்றாவது வினாவை மட்டும் இரண்டு முறை வாசித்தாள். பிறகு தன் மனுவின் முதல் வரியில் இருந்த "வேண்டிக்கொள்கிறேன்" என்பதை அடித்து, "வேண்டுகிறோம்" என்று திருத்தினாள்.