நூலும் குருவும்

ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901-இல் பிறந்து, இலங்கையில் பௌத்தத் துறவியான ஞானபோனிக தேரர் ஆங்கிலத்தில் எழுதிய ‘பௌத்த தியானத்தின் இதயம்’ 1954-இல் வெளிவந்தது. 1952-இல் பர்மா சென்று மகாசி சயாதோவிடம் அவர் பெற்ற பயிற்சியே இந்நூலின் உயிர்நாடி. மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் விருப்பு வெறுப்பின்றிக் கவனித்தல், மனம் அலைந்தால் அவ்வலைச்சலையும் குறித்துக்கொண்டு மீளுதல் ஆகியவற்றை எளிமையாக விளக்குகிறார்.

இத்தெளிவே நூலின் சிறப்பு, இடரும் அதுவே. படித்தவுடன் தனியே தொடங்கிவிடும் துணிவை அது வாசகருக்குத் தந்துவிடுகிறது. மகாசி மரபிலோ, பயில்வோர் தாம் உணர்ந்ததை ஆசிரியரிடம் எடுத்துரைப்பர். அவர் கேட்டு நெறிப்படுத்துவார். ஒளியும் பரவசமும் தோன்றுகையில் இலக்கை எட்டிவிட்டதாக மயங்குவோரைத் தடுத்து நிறுத்துவது அச்செவியே. எந்த ஏடும் அதற்கு ஈடாகாது. புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலும் பயிற்சி அளிப்பவரை முன்னிறுத்தியே அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

வேறுபாட்டை நாம் மறைக்கலாகாது. அங்கே கவனம் உடலிலும் மனத்திலும் நிகழ்வதை நோக்குகிறது. நம் செபமோ இறைவனோடு உரையாடுகிறது. எனினும், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. உள்ளத்தை ஒருவர்முன் திறந்து காட்டும் அம்மரபின் பணிவு நமக்கும் உரியதே. நம் பங்குகளில் ஆன்ம குருவை நாடுவோர் எத்தனை பேர்?