ஏழைகளுக்கா, ஏழைகளோடா?

எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபாத்தி (1900–1989) இயற்றிய ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்னும் நூல், 1969இல் கெய்ரோவில் வேறொரு தலைப்பில் வெளிவந்து, 1973இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தாரால் இப்பெயருடன் வெளியிடப்பெற்றது. இயற்கைப் பொருள்களைக் கொண்டு, இடத்திற்கும் தட்பவெப்பத்திற்கும் இசையக் கட்டுவதைப்பற்றிப் பேசுவோர் பலர் இன்றும் இந்நூலையே முதற்கண் சுட்டுவர். இதன் சிறப்பை உரியவாறு ஏற்றுக்கொண்டு, இது எழுப்பும் வினா ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

சிறப்பு யாது? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மரமும் இரும்பும் அரிதாயின. மண்சுவர் எழுப்ப உழவனால் இயலும். கூரைக்கு மரம் வாங்க இயலாது. 1941இல் அஸ்வானை அடுத்த நூபியச் சிற்றூர்களுக்குச் சென்ற ஃபாத்தி, அங்குள்ள கொத்தர்கள் மரச்சாரம் ஏதுமின்றியே வளைகூரை அமைப்பதைக் கண்டார். வைக்கோல் மிகுதியாகக் கலந்த, கனமற்ற, வெயிலில் உலர்ந்த மண்கற்களைப் பின்சுவரின்மேல் சாய்த்து ஒட்டுவர். ஒவ்வொரு வரிசையும் முன்னைய வரிசையின்மேல் சாய்ந்து நிற்கும். லக்சருக்கு எதிர்க்கரையில், இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் ஆலய வளாகத்துக் களஞ்சியங்களில் இத்தகைய மண் வளைகூரைகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. காலாவதியானது என்று கற்றோர் ஒதுக்கிய அறிவு, கல்லாத கொத்தரின் கையில் உயிரோடிருந்தது. அதனை அடையாளங்கண்ட பணிவே ஃபாத்தியின் பெருமை.

ஆனால் நூலின் நடுப்பொருள் ‘புதிய குர்னா’ என்னும் ஊராகும். லக்சரின் மேற்குக் கரையில், பண்டைக் கல்லறைகளின்மேல் வீடமைத்து வாழ்ந்துவந்த குர்னா மக்கள் ஏறத்தாழ 7,000 பேர். தொல்பொருள் களவுகளை முன்னிட்டு அவர்களை வெளியேற்றத் தீர்மானித்த தொல்பொருள் துறை, அவர்களுக்குப் புதிய ஊர் அமைக்கும் பணியை 1945இல் ஃபாத்தியிடம் ஒப்படைத்தது. பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், அரங்கம் ஆகியவை மண்ணிலே எழில்பெற எழுந்தன. எனினும் மக்கள் குடிபெயர மறுத்தனர். வெள்ளக்காலத்தில் கரையை வேண்டுமென்றே உடைத்துவிட்டனர் என்றும் ஃபாத்தி எழுதுகிறார். திட்டத்தில் ஒரு சிறுபகுதி முடிந்த அளவில், 1940களின் இறுதியில், பணி நின்றுபோயிற்று.

தோல்விக்குக் காரணம் கூறுமிடத்து, அலுவலகங்களின் தாமதத்தையும் அசட்டையையும் நூல் மிகுதியாகச் சாடுகிறது. அதில் உண்மையுண்டு. குவிமாடம் அம்மக்களுக்குக் கல்லறையை நினைவூட்டியது என்று பின்வந்தோர் சிலர் கூறினர். நமக்கு இவ்விரண்டும் போதிய விடைகளாகத் தோன்றவில்லை. உரிமையாளன், கலைஞன், கைவினைஞன் ஆகிய மூவரும் இணைந்தாலன்றி வீடு உருவாகாது என நூலாசிரியரே வற்புறுத்துகிறார். புதிய குர்னாவில் கலைஞர் இருந்தார், கொத்தர் இருந்தனர், உரிமையாளன் வரவில்லை. அவனுடைய பிழைப்பு கல்லறைகளைச் சார்ந்திருந்தது. இடம்பெயரலாமா என அவனை எவரும் கேட்டிலர். ஆணையின்மேல் இடப்பட்ட அடித்தளத்தை மண்ணின் அழகு தாங்க இயலவில்லை.

இஃது ஒழுக்கம்பற்றிய குறை மட்டுமன்று, கட்டடம்பற்றிய குறையுமாகும். சுட்ட கல்லும் சிமிட்டியும் சில காலம் கவனிப்பாரின்றியும் நிற்கும். மண்சுவரோ இடையறாது மனிதக் கையை வேண்டுகிறது. மெழுகவும், பூசவும், கசிவைக் கண்டவுடன் அடைக்கவும் அதனைத் தன்னதென்று எண்ணும் ஒருவர் வேண்டும். ஆகவே இயற்கைப் பொருளாலான வீட்டின் நிலைபேறு, குடியிருப்போரின் இசைவையும் பற்றையுமே பொறுத்தது. நிலத்தடி நீரும் உப்பும் அரித்த புதிய குர்னா, 2010இல் ஆபத்திலுள்ள உலக நினைவுச்சின்னங்களின் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய குர்னாவிலேயே தங்கிவிட்டோரின் வீடுகளையோ 2006இன் இறுதி முதல் அரசு இடிக்கத் தொடங்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஆணையே பேசிற்று.

நம் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமையின் ‘கு’ உருபு கொடைப்பொருளைத் தரும். மூன்றாம் வேற்றுமையின் ‘ஓடு’ உருபு உடனிகழ்ச்சியை உணர்த்தும். ‘ஏழைகளுக்கு’ என்பதில் கொடுப்பவன் மேலே நிற்கிறான். ‘ஏழைகளோடு’ என்பதில் அருகே அமர்கிறான். ஃபாத்தியின் உள்ளம் இரண்டாவதை நாடியது. அவர் ஏற்ற பணியோ முதலாவதிலேயே கட்டுண்டது. இம்மானுவேல் என்னும் திருநாமத்தின் பொருளில் நிற்பது ‘ஓடு’ உருபு என்பதைத் திருப்பணியாளராகிய நாம் அறிவோம். ஆயினும் ஆலயமோ பள்ளியோ எழுப்புங்கால் சபைக்கென்று கட்டுகிறோம், சபையோடு கட்டுகிறோமா? மண்ணைத் தெரிந்துகொள்வதனால் மட்டும் எளிமை வந்துவிடாது. வரைபடத்தை விரிக்குமுன், அடுத்த மழைக்குப் பின் இச்சுவரைப் பூசப்போகிறவர் யார் எனக் கேட்டு, அவரை நம்மருகே அமர்த்திக்கொள்ளுதல் வேண்டும்.