தூணுக்குப் பெயர் உண்டு, செதுக்கியவனுக்கு இல்லை

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே ரோஸ்லின் என்றொரு கிராமம். அங்கே உள்ள கோதிக் சிற்றாலயத்தை வில்லியம் சின்க்ளேர் என்ற பிரபு 1446ல் தொடங்கினான். தன் குடும்பத்து ஆன்மாக்களுக்காகப் பாதிரிகள் ஜெபித்துக்கொண்டே இருக்கணும், அதுக்காக. 1484ல் அவன் செத்ததும் வேலை நின்றது. திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் எழும்பியது. அதற்குள்ளேயே சுவர், தூண், கூரை என்று இண்டு இடுக்கு விடாமல் சிற்பம். வாயிலிருந்து இலையும் கொடியும் முளைக்கும் 'பச்சை மனிதர்' முகங்கள் மட்டும் 100க்கு மேல். நான் நேரில் போனதில்லை. படங்களையும் எழுத்துகளையும் வைத்தே பேசுகிறேன்.

அங்கே ஒரு தூணைத்தான் எல்லாரும் தேடிப் போகிறார்கள். அடியில் எட்டு டிராகன்கள். அவற்றின் வாயிலிருந்து கிளம்பும் கொடிகள் தூணைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. இதற்கு ஒரு கதை சொல்றாங்க. அப்படியொரு தூணை மூலத்தைப் பார்க்காமல் செதுக்க முடியாது என்று தலைமைக் கல்தச்சன் வெளிநாடு போனான். அவன் திரும்புவதற்குள் வேலை பழகும் பையன் ஒருவன் தூணை முடித்துவிட்டான். வந்து பார்த்தவன் பொறாமையில் கொட்டாப்புளியால் பையனின் தலையில் அடித்துக் கொன்றான். சுவரின் உயரத்தில் நெற்றிக் காயத்தோடு இருக்கும் தலை அந்தப் பையன், இன்னொன்று அவன் தாய், மற்றொன்று கொன்றவன் என்று காட்டுகிறார்கள்.

இது வரலாறு இல்லை. ஆலயம் கட்டி நெடுங்காலம் கழித்தே எழுத்தில் வருகிறது. பிரான்சில் ரூவான் நகரத்துத் தேவாலயம் ஒன்றுக்கும் இதே மாதிரிக் கதை உண்டு. 'கட்டுக்கதை' என்று சொல்லி அறிஞர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். என்னால் அப்படி நகர முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றில் இதன் பெயர் 'இளவரசர் தூண்'. இன்று உலகமே 'வேலை பழகுபவனின் தூண்' என்கிறது. கதை எப்படிக் கிளம்பியதோ, இளவரசனிடமிருந்து தூணைப் பிடுங்கி உளி பிடித்தவன் கையில் கொடுத்துவிட்டது. அது சின்ன விஷயமா?

ஆனால் அதே கதைக்குள் ஒரு சூதும் இருக்கிறது. நமக்கு உடனே ஏகலைவன் ஞாபகம் வரும். அவசரப்படக் கூடாது. துரோணன் அரண்மனை ஆள். கட்டை விரலைக் கேட்டது அதிகாரம். இங்கே கொன்றவனும் கல் உடைக்கிறவன், செத்தவனும் கல் உடைக்கிறவன். பிரபு எங்கே? கதையில் அவன் கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உழைக்கிறவனுக்கு உழைக்கிறவனே எதிரி என்று காட்டிவிட்டு, கட்டியவன் என்ற பெயரை மட்டும் அவன் வைத்துக்கொள்கிறான்.

சின்க்ளேர் குடும்ப வரலாற்றை 1700 வாக்கில் எழுதியவர் பாதிரியார் ரிச்சர்ட் அகஸ்டின் ஹே. பிரபு முதலில் பலகைகளில் வரைய வைத்தாராம், தச்சர்கள் அதை மரத்தில் செதுக்கினார்களாம், அதைப் பார்த்துக் கல்தச்சர்கள் கல்லில் செதுக்கினார்களாம். ஆக யோசனை பிரபுவுடையது, கை மட்டும் கூலிக்காரனுடையது! கூலியையும் எழுதியிருக்கிறார். தலைமைக் கல்தச்சனுக்கு வருஷத்துக்கு 40 பவுண்டு, மற்றவர்களுக்கு 10. ஒருத்தர் பெயரும் இல்லை.

மேலே வளைவுகளில் 'மரண நடனம்' செதுக்கப்பட்டிருக்கிறது. அரசன், ஆயர், ஏர் உழுகிறவன், குழந்தை என்று எல்லோர் பக்கத்திலும் ஒரு எலும்புக்கூடு. செத்த பிறகு எல்லாரும் சமம். சரி, செத்த பிறகுமா? சின்க்ளேர்களுக்கு ஜெபிக்கப் பாதிரிகள் இருந்தார்கள். ஏர் உழுதவனுக்கு யார்?

2003ல் 'டாவின்சி கோட்' நாவல் வந்த பிறகு கூட்டம் பல மடங்கு பெருகியது. டெம்ப்ளர் வீரர்களின் ரகசியம், புதையல் என்று தேடுகிறார்கள். அந்த அமைப்பே 1312ல் கலைக்கப்பட்டது; ஆலயம் தொடங்கியது அதற்கு 134 ஆண்டுகள் கழித்து. கல்லுக்குள் புதையலைத் தேடுபவர்களுக்குக் கல்லில் இருக்கும் உழைப்பு கண்ணில் படவில்லை.

கலை விமர்சனம் கூலிக் கணக்கிலிருந்து தொடங்கட்டும் என்கிறேன். ரோஸ்லினில் நமக்கு இரண்டு எண்களாவது மிஞ்சியிருக்கின்றன: 40, 10.