காண்போர் மெய்ப்பாடு: ‘நார்க்கோஸ்’ தொடரும் கொலம்பியர் கண்ணீரும்

ஒரு கூத்தினை மதிப்பிட விழைவோர் ஆடுவோனை மட்டும் நோக்கினால் போதாது. அவையில் அமர்ந்திருப்போர் முகத்தையும் நோக்குதல் வேண்டும். இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே தனியாக வகுத்தார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு நான்காக முப்பத்திரண்டினையும் எண்ணிக் காட்டினார். இப்பழைய அளவுகோலைக் கைக்கொண்டு இக்காலத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றினையும், அதைவிட முதன்மையாக அத்தொடரைக் கண்டோர் கொண்ட உணர்ச்சிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட தொடர் ‘நார்க்கோஸ்’. போதைப்பொருள் கடத்துவோர் என்பது இச்சொல்லின் பொருள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 2015 ஆகஸ்டு 28 அன்று வெளிவரத் தொடங்கி, 2017 வரை மூன்று பருவங்களாக 30 பகுதிகளில் இது அமைந்தது. அந்நிறுவனம் 2016 சனவரியில் இந்தியாவிலும் தன் சேவையைத் தொடங்கியதால், தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலும் இத்தொடர் நுழைந்தது. பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் கொலம்பியாவின் கொக்கெயின் வணிகத்தைப் பற்றிச் சரளமாகப் பேசும் நிலை உண்டாயிற்று. ஆகவே இது நமக்குத் தொலைவான பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது.

கதையும் வரலாறும்

முதல் இரு பருவங்களும் மெதெயின் நகரத்துப் பாப்லோ எஸ்கோபாரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறுகின்றன. கதையை எடுத்துரைப்பவர் மர்ஃபி என்னும் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை அலுவலர். இதனை நாம் நினைவில் இருத்துதல் நன்று. நாடு கொலம்பியா, மாண்டோர் பெரும்பாலும் கொலம்பியர், ஆயினும் நம் செவியில் ஒலித்துக் கதையை நடத்திச் செல்லும் குரல் அயலாருடையது.

வரலாறு அறியாதார்க்காகச் சிலவற்றை ஈண்டுச் சுட்டுகிறோம். எஸ்கோபார் 1982 இல் கொலம்பிய நாடாளுமன்றத்திற்கு மாற்று உறுப்பினனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். அவனை எதிர்த்து நின்ற நீதியமைச்சர் ரோட்ரிகோ லாரா பொனில்லா 1984 ஏப்ரல் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவனுடைய பழைய குற்றங்களை வெளிக்கொணர்ந்த ‘எல் எஸ்பெக்தாதோர்’ நாளிதழின் ஆசிரியர் கியெர்மோ கானோ 1986 டிசம்பர் 17 அன்று கொல்லப்பட்டார். குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட லூயிஸ் கார்லோஸ் கலான் 1989 ஆகஸ்டு 18 அன்று தேர்தல் கூட்டத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று அவியாங்கா நிறுவனத்து விமானம் ஒன்று வெடிகுண்டால் வானில் சிதறியது. அதில் இருந்த 107 பேரும் மாண்டனர். எஸ்கோபார் 1993 டிசம்பர் 2 அன்று மெதெயினில் ஒரு வீட்டின் கூரைமீது சுட்டு வீழ்த்தப்பட்டான்.

எள்ளலில் பிறந்த நகை

இத்தொடரில் எஸ்கோபாராக நடித்தவர் வாக்னர் மௌரா. இவர் பிரேசில் நாட்டவர், போர்த்துக்கீசியம் பேசுபவர். இவ்வேடத்திற்காகவே மெதெயினுக்குச் சென்று ஸ்பானிய மொழி பயின்று, உடலையும் பெருக்கிக்கொண்டார். உலகம் அவரைப் பாராட்டியது. சிறந்த நடிகருக்கான ‘கோல்டன் குளோப்’ விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் கொலம்பியப் பார்வையாளர் பலரோ நகைத்தனர். மெதெயின் வட்டாரத்தார்க்கென ஒரு தனிப் பேச்சு வழக்கு உண்டு. முன்னிலையை அழைக்கும் சொல்லே அங்கு வேறு. அவ்வழக்கு மௌராவின் நாவில் படியவில்லை. மேலும் எஸ்கோபாரின் மனைவியாக மெக்சிகோ நடிகையும், ‘காலி’ என்னும் நகரத்துக் கடத்தல் தலைவர்களுள் ஒருவனாக அர்ஜென்டினாவில் பிறந்த நடிகரும் தோன்றினர். ஒரே ஊர்க் கதையில் ஒரு கண்டத்து வழக்குகளெல்லாம் கலந்து ஒலித்தன.

நெல்லைச் சீமையில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையில், தந்தை யாழ்ப்பாணத் தமிழும் தாய் கோவைத் தமிழும் மகன் சென்னைத் தமிழும் பேசினால் நாம் எங்ஙனம் நகைப்போமோ, அங்ஙனமே அவர்களும் நகைத்தனர். வெளியூரில் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். புகைவண்டியில் எதிரே இருப்பவர் ஒரு சொல் உதிர்த்தால், அவர் மாவட்டம் இன்னதென்று உடனே உணர்கிறோம் அன்றோ?

நகைக்குரிய நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். கொலம்பியரின் நகைப்பு அவ்வெள்ளலே. ஆயினும் அதனடியில் ஒரு குறை உறைகிறது. திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பை வாசிக்கும் அயலார்க்கு இந்த ஒலிப்பிழை எட்டுவதில்லை. எட்டாதவர்க்காகவே தொடர் ஆக்கப்பட்டது என்று கொலம்பியர் உணர்ந்ததனால்தான் நகைப்பின் இறுதியில் ஒரு கசப்பும் எஞ்சியது.

மருட்கையும் பெருமிதமும்

அயல்நாட்டுப் பார்வையாளரிடம் மிகுந்து தோன்றியது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் வியப்பை விளைப்பன. எண்ணித் தீராத பணம், சொந்த விமானங்கள், அயல்நாட்டு விலங்குகள் உலவிய பண்ணை, 1991 இல் தனக்கெனத் தானே அமைத்துக்கொண்டு சரணடைந்த ‘லா கத்தெத்ரால்’ சிறை ஆகிய யாவும் இத்தொடரில் வியப்புக்குரியனவாகவே காட்சி தருகின்றன.

வியப்பை அடுத்துப் பெருமிதம் நுழைகிறது. கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் களங்கள். இவற்றுள் கல்வி ஒன்று நீங்கலாக ஏனைய மூன்றையும் எஸ்கோபார் தன் வாழ்நாளிலேயே தேடிக்கொண்டான் என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். அஞ்சாமை இருந்தது. பெயர் உலகெங்கும் பரவியது. சேரிவாழ் மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த கொடையும் இருந்தது. ஒரு தலைவனுக்குரிய உறுப்புகளைக் கொடியவன் ஒருவன் அணிந்துகொண்டால் காண்போர் நெஞ்சம் தடுமாறுதல் இயல்பே. அத்தடுமாற்றத்தைத் தெளிவிக்க வேண்டிய கடமை படைப்பாளிக்கு உண்டு. ‘நார்க்கோஸ்’ அதனைத் தெளிவிக்காமல் சுவைக்கவே விடுகிறது. அதனால்தான் அவன் முகம் பனியன்களிலும் கோப்பைகளிலும் அச்சேறி விற்பனைக்கு வந்தது.

இத்தகைய தடுமாற்றம் தமிழர்க்குப் புதிதன்று. 1987 இல் வெளிவந்த மணிரத்தினத்தின் ‘நாயகன்’ திரைப்படம், பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கைச் சாயலைத் தழுவியது. சட்டத்திற்குப் புறம்பான தொழில்களில் ஈடுபட்ட அவரை, அந்நகரத்து ஏழைத் தமிழர் பலர் தம் காவலராக எண்ணினர். அப்படத்தைக் கண்டு வெளியூர்த் தமிழர் கொண்ட பெருமிதமும் அத்தகையதே. ஆயின் அப்படம் ஒன்றைச் செய்தது. வேலு நாயக்கரால் கொல்லப்பட்ட காவல் அதிகாரியின் மகனைக் கதை மறந்துவிடவில்லை. மனநலம் குன்றி வளர்ந்த அம்மகனே இறுதியில் துப்பாக்கி ஏந்தி நாயகனை வீழ்த்துகிறான். பெற்ற மகளின் வினாக்களுக்கும் அத்தலைவனால் விடை கூற இயலவில்லை. பெருமிதம் கொண்டிருந்த அவையை அழுகையின்முன் நிறுத்திவிட்டே அப்படம் முடிகிறது.

இழவு என்னும் களம்

இனி நம் ஆய்வின் நடுப்பொருளுக்கு வருவோம். அழுகையின் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இவற்றுள் இழவு என்பது உரியவரை இழத்தல். ‘நார்க்கோஸ்’ தொடரில் கொலைகள் பல, இழவு குறைவு. சுடப்பட்டவன் விழுகிறான், அடுத்த காட்சி துரத்தலுக்கு ஓடுகிறது. அவன் வீட்டில் அன்றிரவு விளக்கேற்றியவர் யாரென நாம் பெரும்பாலும் அறிவதில்லை. எஸ்கோபாரின் வீட்டையோ நாம் நன்கறிவோம். அவன் மனைவியின் அன்பும், பிள்ளைகளிடம் அவன் காட்டும் பரிவும், அன்னையின் கவலையும் நமக்குப் பழகிப்போகின்றன. கொன்றவன் இல்லத்துக் கதவு திறந்தே கிடக்க, கொல்லப்பட்டோர் கதவுகள் மூடியே இருக்கின்றன.

இவ்வேறுபாட்டை உணரக் கொலம்பியாவிலேயே ஆக்கப்பட்ட மற்றொரு தொடரை ஒப்புநோக்கலாம். 2012 இல் காரக்கோல் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘எஸ்கோபார், எல் பாத்ரோன் தெல் மால்’ என்னும் அத்தொடரை உருவாக்கியோருள் இருவரைக் குறிப்பிடுதல் தகும். ஒருவர் கமீலோ கானோ. கொல்லப்பட்ட ஆசிரியர் கியெர்மோ கானோவின் மகன். மற்றவர் உவானா உரீபே. 1990 இல் எஸ்கோபாரின் ஆட்களால் கடத்தப்பட்டு மறு ஆண்டு விடுவிக்கப்பட்ட மரூகா பச்சோனின் மகள். கொலையுண்ட கலானின் மனைவிவழி உறவினர். அத்தொடரிலும் எஸ்கோபார் ஈர்ப்புடையவனாகவே தோன்றுகிறான் என்ற குறை கொலம்பியாவில் கூறப்பட்டதுண்டு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் லாராவின் இல்லமும் கானோவின் அலுவலகமும் கலானின் குடும்பமும் அங்கே நெடுநேரம் நம்மோடு வாழ்கின்றன. அவர்கள் வீழும்போது, அறிந்த ஒருவர் வீழ்ந்ததாகவே அவை உணர்கிறது. தந்தையை இழந்த மகன் தன் கையால் எடுத்த கதையில் இழவுக்கு இடம் அமைந்ததில் வியப்பில்லை.

கொன்றவன் குடும்பத்திலும் ஒரு பார்வையாளர் உண்டு. எஸ்கோபாரின் மகன் 2016 இல் ‘நார்க்கோஸ்’ இரண்டாம் பருவத்தில் 28 பிழைகள் உள்ளனவெனப் பட்டியலிட்டு வெளியிட்டார். முன்னதாக 2009 இல் வெளிவந்த ‘என் தந்தையின் பாவங்கள்’ என்னும் ஆவணப்படத்தில், லாரா, கலான் ஆகியோரின் மக்களைச் சந்தித்து அவர் மன்னிப்பை நாடினார். துப்பாக்கி ஒலி சிறிதும் இன்றி அம்மக்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கும் அக்காட்சி எழுப்பும் உணர்ச்சியை, முப்பது பகுதிகளில் ஓடும் தொடர் எட்டவில்லை என்பதே நம் கருத்து.

இளிவரலும் வெகுளியும்

2016 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகரின் நடுச்சதுக்கத்தில் இத்தொடருக்கென ஒரு பெரும் விளம்பரம் நின்றது. எஸ்கோபார் வேடமணிந்த நடிகரின் உருவத்தோடு, பனியின் வெண்மையையும் கொக்கெயினின் வெண்மையையும் பிணைத்த கிறிஸ்துமஸ் சிலேடை அதில் இருந்தது. கடந்து சென்றோர் பலர்க்கு அது நகைச்சுவை. கொலம்பிய அரசோ அதனை அகற்றுமாறு கேட்டுக்கொண்டது. பிழைப்பு நாடி அயல்நாடு சென்ற கொலம்பியர், தம் நாட்டின் பெயரைச் சொன்ன அளவிலேயே எதிரிலிருப்போர் இதழில் கொக்கெயின் நகைப்பு அரும்புவதைக் கண்டு குன்றினர். வடபுலத்தில் ஊர்பேர் கேளாமல் ‘மதராசி’ என்னும் ஒற்றைச் சொல்லால் அழைக்கப்பட்ட தலைமுறையினர் அக்குன்றுதலின் தன்மையை ஒருவாறு ஊகித்தறிவர்.

இளிவரல் முதிர்ந்தால் வெகுளியாகும். 2017 இல் அமெரிக்கப் பாடகர் விஸ் கலீஃபா எஸ்கோபாரின் கல்லறையில் மலர் வைத்துப் படம் வெளியிட்டார். மெதெயின் நகரத் தலைவர் ஃபெதரிகோ குத்தியெரெஸ் அதனைக் கடிந்து, அம்மலர்கள் அவனால் மாண்டோர்க்கே உரியன என்னும் பொருள்படப் பேசினார். எஸ்கோபார் வாழ்ந்த ‘மோனக்கோ’ கட்டடம் சுற்றுலாப் பயணியர் படம் எடுக்கும் இடமாக மாறியிருந்தது. 2019 பிப்ரவரி 22 அன்று நகர ஆட்சி அதனை வெடிவைத்துத் தகர்த்தது. அவ்விடத்தில் மாண்டோர்க்கான நினைவுப் பூங்கா எழுந்தது. தொடரைப் பற்றிய திறனாய்வுகளுள் இதுவே வன்மையானது என்று கூறினும் மிகையாகாது.

நடுநின்று நோக்கின்

திறனாய்வு குறை காண்பதோடு அமைதல் முறையன்று. அச்சத்தின் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பனவற்றைக் கூறினார் தொல்காப்பியர். கள்வரோடு இறைவனாகிய அரசனையும் அச்சத்தின் களமாக வைத்த நுட்பம் போற்றத்தக்கது. மெதெயின் மக்கள் அவ்விருவரையும் ஒருங்கே அஞ்சினர். ஒருபுறம் எஸ்கோபாரின் ஆட்கள். மறுபுறம் அவனைத் தேடிவந்த படையினர். சட்டத்தைக் காக்க வந்தோரே சட்டத்தை மீறி இளைஞரைக் கொன்றதைத் ‘நார்க்கோஸ்’ மறைக்கவில்லை. அந்நேர்மைக்கும், நிகழ்ச்சிகளைத் தொடுத்துச் செல்லும் திறனுக்கும், மௌராவின் நடிப்புக்கும் உரிய பாராட்டை நாம் வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும் உவகையின் களங்களுள் ஒன்றாகிய விளையாட்டாகவே இத்தொடர் பலரிடம் சென்று முடிந்தது. அதனைக் காணாதீர் என்று பிள்ளைகளைத் தடுப்பதால் பயனில்லை. உடன் அமர்ந்து காண்க. கொலை நிகழும் இடத்தில் சற்று நிறுத்தி, வீழ்ந்தவர் யார் என்று கேட்க. விடை தொடரில் கிடைக்காவிடில், வரலாற்றைத் தேடி எடுத்துச் சொல்க. கியெர்மோ கானோ என்றொரு ஆசிரியர் இருந்தார். அச்சுறுத்தலுக்கு அடங்காமல் எழுதினார். தம் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பப் புறப்பட்டபோது கொல்லப்பட்டார். அவர் பெயரால் 1997 முதல் யுனெஸ்கோ பத்திரிகைச் சுதந்திரப் பரிசு வழங்கி வருகிறது என்று கூறுக. எஸ்கோபாரின் பெயரை அறிந்த பிள்ளை கானோவின் பெயரையும் அறிந்தால், அத்தொடர் தவறவிட்ட இழவு என்னும் களம் நம் இல்லத்திலாவது நிரம்பும்.